கிங்ஸ்லியின் பழைய லென்ஸும் என் நடு நாற்காலியும்

என் வீட்டுக்காரர் கிங்ஸ்லி ஒரு போட்டோ எடுத்து முடிப்பதற்குள் நான் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு வடித்து இறக்கிவிடுவேன். கேலிக்குச் சொல்லவில்லை, ஒரு தடவை செய்தே காட்டியிருக்கிறேன். சோறு வெந்து ஆறியும் போயிற்று. கொல்லைச் செம்பருத்தி மட்டும் அவருக்கு இன்னும் போகஸ் ஆகவில்லை.

ஆள் நல்லவர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குடி இல்லை, வெற்றிலை இல்லை, வீண்பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்னே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நிற்பார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். மருதூர் அணைக்கட்டுப் பக்கம் ஆற்றில் நீர்மட்டம் பார்த்து எழுதுகிற வேலை. கல்லில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் பாலத்து மேலிருந்தே ஒரு பார்வை பார்த்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்களாம். இவர் இறங்கிப் போய், அலை அடங்கும்வரை குத்தவைத்திருந்து எழுதுவார். முப்பத்தைந்து வருடம் அப்படி உட்கார்ந்த மனிதர். அலை அடங்கட்டும், காற்று நிற்கட்டும், வெளிச்சம் சாயட்டும் என்று காத்திருப்பது உடம்பிலேயே ஊறிவிட்டது. உலகமும் தனக்காக அப்படிக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டார். அதுதான் கோளாறு.

கேமராவை வாங்கிக் கொடுத்தது எங்கள் மகள் பெர்லின். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பினாள். பத்து வருடம் இருக்கும். பெட்டியோடு நல்ல புது லென்ஸ் ஒன்றும் வந்தது. அமுக்கினால் போதும். முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடித்து, பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும். நானே எடுத்திருக்கிறேன். மாவாட்டின கையைத் துடைத்துவிட்டு எடுத்தும் நன்றாகத்தான் வந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "அதுவே எல்லாத்தையும் செஞ்சா நான் எதுக்கு?" என்றார். தச்சநல்லூரில் பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும் எடுத்துக்கொடுக்கிற தில்லைநாயகம் அண்ணாச்சி, கடைக்கு வெள்ளையடிக்கும்போது மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு ஜெர்மன் லென்ஸைத் தூக்கி இவரிடம் கொடுத்தார். என் கல்யாணத்துக்கும் முந்தின லென்ஸ். அம்மிக்குழவி கனம். அன்றைக்கே புது லென்ஸ் பீரோவுக்குள் போயிற்று.

பழைய லென்ஸ் புதுக் கேமராவில் நேராகப் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் அடாப்டர் என்று ஓர் இரும்பு வளையம் வேண்டும், சம்பந்தம் பேசுகிற தரகர் மாதிரி. வளையத்தைப் போட்டு மாட்டினாலும் கேமராவுக்கு அந்த லென்ஸைத் தெரியாது. லென்ஸ் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டும், படம் எடுக்க மறுக்கும்.

"நான் சொன்னாத்தான் கேக்க மாட்டிய, மெஷினே சொல்லுதுல்லா, அதையாவது கேளுங்க" என்றேன்.

அவர் கேமராவின் உள்ளே எங்கேயோ போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று அதற்குக் கட்டளை போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் எல்லாம் கையால்தான். வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தெளிவுக்கு ஒரு வளையம். இந்தப் பக்கம் திருகு, அந்தப் பக்கம் திருகு, ஒரு நூல் திரும்பி வா. திருகி முடிப்பதற்குள் மரங்கொத்தி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

ஒரு லென்ஸ் ஒன்பது ஆயிற்று. ரஷ்யா, ஜப்பான் என்று உலகத்தில் எவன் வீட்டுப் பரணில் எது கிடந்தாலும் தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கிறிஸ்துமஸ் முறுக்கு டின்கள் மூன்றும் லென்ஸ் டின்களாயின. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்கு வெயில் காட்ட வேண்டும் என்று மொட்டை மாடியில் என் கூழ்வற்றலுக்குப் பக்கத்திலேயே பழைய வேட்டியை விரித்து வரிசையாக வைப்பார். வற்றலுக்குக் காவல் இருக்கச் சொன்னால் ஆள் இருக்க மாட்டார். லென்ஸுக்கென்றால் குடையோடு உட்கார்ந்திருப்பார். காக்கை ஒருநாள் வற்றலை விட்டுவிட்டு லென்ஸ் மூடியைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு போகலாம். போகவிடாத சிலதும் உண்டு. பெர்லின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சபை ஐயர் மூன்று கை தண்ணீர் ஊற்றினார். ஊற்றி, ஜெபித்து, பிள்ளை அழுது, முடிந்தே போயிற்று. இவரிடம் இருப்பது பெர்லின் துண்டை எடுக்கக் குனிகிற படம், அதுவும் முதுகு. கொற்கைக்குக் குடும்பத்தோடு போனபோது அங்கே ஒரு பெரிய மரத்தடியில் என்னை நிற்க வைத்தார். இருபது நிமிஷம். கட்டெறும்பு காலில் ஏறியது, சிரித்த வாய் வலித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மரப்பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணிவிடலாம். நான் மட்டும் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கிறேன்.

"பின்னால இலையெல்லாம் எப்படிச் சுழலாச் சுத்தி வந்திருக்கு பாத்தியா? புது லென்ஸுல இது வருமா?"

"சுழல் இருக்கட்டும். என் மூஞ்சி எங்க?"

பத்து வருடத்தில் இந்த மனிதர் என் முகத்தைத் தெளிவாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எனக்குப் படத்து ஆசை உண்டு, அதை ஒளிப்பானேன்? அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் டீச்சராக இருந்தேன். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் ஒருவர் ஓய்வு பெற்றால், அவரை நடு நாற்காலியில் பொன்னாடையோடு உட்காரவைத்து, எல்லா டீச்சர்களும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதைச் சட்டம் போட்டு, கீழே பெயரெழுதி, ஆபீஸ் அறைக்கு வெளியே நடைச்சுவரில் மாட்டுவார்கள். வெள்ளைக்கார அம்மாமார் காலத்திலிருந்து வரிசையாகத் தொங்குகிறது. அதில் பதினான்கு படங்களில் நான் இருக்கிறேன். நான் குள்ளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளையவள் என்று பின்வரிசையில் தள்ளினார்கள், பிறகு அதுவே என் இடமாகிவிட்டது. ஒன்றில் நெற்றி மட்டும். ஒன்றில் ஒரு கண்ணும் பாதி மூக்கும். மூன்று படங்களில் மற்றவர்கள் கொண்டைக்கு மேலே என் வகிடு மட்டும் தெரிகிறது. பெயர் மட்டும் எல்லாவற்றிலும் முழுசாக இருக்கிறது, பிரிஸில்லா கிங்ஸ்லி என்று. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. கடைசியில் நம் முறை வரும், நடு நாற்காலியில் உட்காருவோம், அந்தச் சுவரில் முழு முகமாகத் தொங்குவோம்.

இந்த ஏப்ரலில் என் முறை வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சாலோமி டீச்சர் வழக்கமான ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லியும் விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கிங்ஸ்லி ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"பிரிஸி, அந்தப் படத்த நான் எடுக்கேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"பத்து வருசமா உனக்கு ஒரு நல்ல படம் நான் எடுத்துத் தரல. எனக்குத் தெரியாதா? இத எடுத்துத் தாரேன். எடுக்க விடு."

கோபமாகக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அந்த மனிதர் தன் வாயால் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் இளகிவிட்டேன். மறுநாள் சாலோமி டீச்சரிடம் போய் ஸ்டுடியோக்காரர் வேண்டாம் என்று நானே சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். "பாருங்க, எல்லாரும் வந்து நின்ன பொறவு அங்கன நின்னு திருகிட்டு இருக்கக் கூடாது. பெரிய டீச்சர்மாரெல்லாம் வருவாவ. வெயில்ல நிறுத்தி என் மானத்த வாங்காதிய. எல்லாம் முன்னாலயே சரி பண்ணி வையுங்க. வந்தமா, அமுக்குனமான்னு இருக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா திருக மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தார் என்பதுதான் இந்தக் கதை.

விழா பதினொரு மணிக்கு. அவர் பத்து மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டார். பள்ளி முகப்பில் நான்கு படி ஏறினால் தூண் வைத்த வராந்தா. அந்த வராந்தாவில் நாற்காலிகளைப் போடுவது என்று ஏற்பாடு. எதிரே முற்றத்தில் கொடிமேடைக்கு முன்னால் கேமராவுக்கு முக்காலி நட்டு, தில்லைநாயகம் அண்ணாச்சி கொடுத்த அந்த முதல் லென்ஸையே மாட்டினார். வெளிச்ச வளையத்தை முழுக்கத் திறந்து வைத்தாராம். அப்படி வைத்தால்தான் ஆள் மட்டும் தெளிவாக நின்று, பின்னால் இருக்கும் சுவர் கரையுமாம். அதில் ஒரு ஆபத்து உண்டு. குறித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் மனிதரும் கரைந்துவிடுவார்.

ஆள் வேண்டுமே, போகஸ் பார்க்க? பெருக்கிக்கொண்டிருந்த சாரம்மாளைக் கூப்பிட்டார். எங்கள் பள்ளி ஆயா. மணி அடிப்பது, பெருக்குவது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவது எல்லாம் அவள்தான். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து வந்தவள். அவளை என் நாற்காலி வரப்போகிற இடத்தில் நிறுத்தி, அவள் தோளில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் திருகியிருக்கிறார். சரியாக வந்ததும் தெளிவு வளையம் நகராமல் இருக்க அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார். உள்ளே ஜெபம் தொடங்குகிற சத்தம் கேட்டது.

"சாரம்மா, இங்கனயே நில்லு. இந்த இடத்த யாரும் மாத்திரக் கூடாது. நான் சொல்லுத வரைக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

உள்ளே பாட்டு, வாழ்த்துரை, இன்னொரு பாட்டு. ஓய்வு பெறுகிறவரின் வீட்டுக்காரருக்கும் பொன்னாடை போடுவது எங்கள் பள்ளி மரியாதை. அவரை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வெளியே நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. பழைய டீச்சர்கள் நான்கு பேர் எதிர்பாராமல் வந்துவிட்டார்கள். வராந்தாவில் இடம் போதாது. சாலோமி டீச்சர் ஆள் விட்டு நாற்காலிகளைப் படிக்குக் கீழே முற்றத்தில், வேப்பமர நிழலில் போடச் சொல்லிவிட்டார். எவ்வளவு நல்ல மனசோடு செய்தார்! அதைச் சொல்லி அவரோடு சண்டை போடவும் முடியாது.

டீச்சர்கள் எல்லாரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். நடு நாற்காலி. பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டேன், நேராக நிமிர்ந்தேன், தாடையைக் கொஞ்சம் தூக்கினேன். பின்னாலிருந்து சாலோமி டீச்சர் குரல் கேட்டது.

"சாரம்மா, அங்க என்ன மேல நின்னுட்டு இருக்க? இறங்கி அந்தப் பக்கம் போ."

"ஸார் அசையக் கூடாதுன்னு சொல்லிருக்காவ டீச்சர்."

"சரி, நின்னுட்டுப் போறா. படத்துல வெட்டிக்கிடலாம்" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிங்ஸ்லி தோளில் பொன்னாடையோடு முக்காலியிடம் ஓடினார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, கேமராத் திரையில் படம் சரியாகத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நாற்காலிகள் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார், பார்க்காமல் இல்லை. ஒரு நிமிஷம் அவர் கை லென்ஸ் பக்கம் போயிற்று. டேப்பைத் தொட்டது. நான் நடு நாற்காலியிலிருந்து அவரை ஒரு முறை முறைத்தேன். முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் அந்த முறைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கையை எடுத்துவிட்டார். எல்லாரும் படத்துக்குள் அடங்குகிறார்களா என்று மட்டும் பார்த்தார். அமுக்கினார், பன்னிரண்டு தடவை. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. "பரவாயில்லையே பிரிஸில்லா, ஸார் ஸ்டுடியோக்காரர விட வேகமால்லா எடுக்காவ!" என்றார் ஒரு பழைய டீச்சர். எனக்குப் பெருமையில் வாய் கொள்ளவில்லை.

சாயங்காலம் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நான் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முன்னால் பதினைந்து பேர் இருக்கிறோம். பதினைந்து பேரும் காலையில் எழுந்து கண்ணாடி போடாமல் பார்க்கிற மாதிரி இருக்கிறோம். புடவை நிறத்தை வைத்து ஆளைச் சொல்லலாம், முகம் தெரியாது. நடு நாற்காலியில் சிவப்புப் பொன்னாடை இருக்கிறது, அதற்கு மேலே வெளுப்பாக ஏதோ இருக்கிறது. அடுத்த படம். அதற்கடுத்தது. பன்னிரண்டும் அப்படியே.

எங்கள் தலைகளுக்கு மேலே, வராந்தாவின் நடுவில், சாரம்மாள் நிற்கிறாள். தோளில் ஊக்கு தெரிகிறது. இடுப்பில் சாவிக்கொத்து. நெற்றி வேர்வை. கையில் பிடித்த விளக்குமாற்றைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு, அசையாமல். பின்னால் சுவர் அவர் ஆசைப்பட்ட மாதிரியே கரைந்து கிடக்கிறது. அவர் வாழ்க்கையிலேயே எடுத்த ஆகச் சிறந்த படம் அதுதான். எனக்கே தெரிந்தது. அவர் அதைப் பெரிதாக்கி ஒரு நிமிஷம் பார்த்தாரே, அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். ஒன்பது லென்ஸையும் ஆற்றில் போடுவேன் என்றேன். ஊரில் எவனுக்கும் இல்லாத கிறுக்கு எனக்கென்று வந்து வாய்த்ததே என்று அழுதேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காப்பி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் பைய ஒன்று சொன்னார்.

"திருகக் கூடாதுன்னு சொன்னேல்லா. நான் திருகல பிரிஸி."

அதற்கப்புறம் என்ன பேச? பத்து வருடமாகத் திருகாதே திருகாதே என்று நான் கரித்துக்கொட்டிய மனிதர், திருக வேண்டிய ஒரு நாளில் என் பேச்சைக் கேட்டுவிட்டார். அவரைத் திட்டவும் முடியாமல், என்னைத் திட்டிக்கொள்ளவும் மனசு வராமல், போய்ப் பாத்திரம் விளக்கினேன்.

பள்ளிச் சுவருக்கு ஒரு படம் வேண்டுமே. சாலோமி டீச்சர் பாவம், இளைய டீச்சர் ஒருத்தி போனில் எடுத்திருந்ததைப் பெரிதுபண்ணி மாட்டிவிட்டார். அதில் நான் கண்ணைத் துடைக்கிற நேரம். கைக்குட்டை பாதி முகத்தை மறைக்கிறது. ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிகிறது. பழைய குருடி கதவைத் திறடி.

மே மாதம் பென்ஷன் பேப்பர் விஷயமாகப் பள்ளிக்குப் போனேன். மணி அடித்தது வேறொரு பெண். சாரம்மாள் எங்கே என்று கேட்டேன். அவளை வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதமாயிற்று என்றார்கள். தினக்கூலி ஆள்தானே, ஓய்வு வயது என்று எதுவும் கிடையாது, இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எந்த நாளோடு என்று கேட்டேன். என் விழா நடந்த அதே நாளோடு. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டில் வந்து கிங்ஸ்லியிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஓர் உறையை எடுத்து வந்தார். சாரம்மாள் நிற்கிற அந்தப் படத்தை ஏற்கெனவே பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார், எனக்குப் பயந்து முறுக்கு டின்னுக்குப் பின்னால்.

"எங்கள வெட்டிட்டுப் போட்டிருக்கலாம்லா" என்றேன்.

"வெட்ட மனசு வரல."

ஸ்கூட்டரில் இருவருமாகப் போனோம். பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் ஓட்டு வீடு. அவர் உள்ளே வரவில்லை, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். சாரம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஊக்கைத் தடவினாள், சாவிக்கொத்தைத் தடவினாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தது படமெடுத்த அன்றைக்குச் சாயங்காலம்தானாம்.

"நல்லா விழுந்திருக்கேன்லா டீச்சர்" என்றாள். "ஸார் அசையாதன்னாவ, நான் அசையவே இல்ல."

"ஆமா சாரம்மா. நீ அசையல."

அவள் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், பிறகு கிட்டே கொண்டுவந்தாள். எங்கள் பதினைந்து பேர் மேலும் அவள் விரல் ஒவ்வொன்றாக ஊர்ந்தது. முகத்தில் நிஜமான கவலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இதுல நீங்க எங்கன இருக்கிய?"

நான் அவள் விரலைப் பிடித்து, சிவப்புக்கு மேலே இருந்த வெளுப்பில் வைத்தேன்.